அயர்லாந்து சோடா ரொட்டியும் உருளைக்கிழங்கு சூப்பும்

ரொட்டி என்றால் ஈஸ்ட் வேண்டும், பேக்கரி அடுப்பு வேண்டும், நம் வீட்டில் ஆகிற காரியமில்லை என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அயர்லாந்து மக்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டில் சுடும் ரொட்டிக்கு ஈஸ்ட் கிடையாது. கோதுமை மாவு, உப்பு, ஆப்ப சோடா, புளித்த மோர், இவ்வளவுதான். நான்கும் நம் சமையலறையில் எப்போதும் இருப்பவை. ரயில்வேயில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற நான், டப்ளினில் இருக்கும் மகள் வீட்டில் இதைக் கற்றுக்கொண்டு, பெங்களூரில் பலமுறை செய்து பார்த்தே எழுதுகிறேன்.

அயர்லாந்து நமக்கு அப்படியொன்றும் அந்நியமல்ல. பிரிகேட் ரோடு அருகிலுள்ள புனித பாட்ரிக் தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். பாட்ரிக் அந்த நாட்டின் காவல் புனிதர். பிழைப்புத் தேடி நம்மவர் கன்டோன்மென்ட்டுக்கு வந்த காலத்தில், பிரிட்டிஷ் படையில் ஐரிஷ் சிப்பாய்களும் ஏராளமாக இருந்தார்கள்.

அவர்கள் ஊரை விட்டதற்கும் பசிதான் பெரிய காரணம். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழைகளுக்கு அதுவே முழு உணவு. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டார்கள். இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். 1847 கோடையில் நாளொன்றுக்கு முப்பது லட்சம் பேர் அரசு ஊற்றிய சூப்பை வாங்கிக் குடித்தார்கள். 1876-78இல் தாது வருஷப் பஞ்சத்தின்போது நம் பக்கத்தில் திறந்த கஞ்சித் தொட்டியும் இதே ஏற்பாடுதான். ஆகவே இந்த ரொட்டியும் சூப்பும் விருந்துச் சாப்பாடல்ல. இல்லாதவர் வீட்டுச் சாப்பாடு.

ரொட்டி உப்புவது எப்படி?

ஆப்ப சோடா ஒரு காரப் பொருள். புளித்த மோரில் லாக்டிக் அமிலம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்ததும் கரியமில வாயு குமிழ் குமிழாகக் கிளம்பி மாவைத் தூக்குகிறது. ஈஸ்ட் மணிக்கணக்கில் செய்வதைச் சோடா சில நிமிடங்களில் முடித்துவிடும். அதனால்தான் அடுப்பை முதலில் சூடாக்கிவிட்டுப் பிறகு மோரை ஊற்ற வேண்டும். பிசைந்து வைத்துவிட்டுத் தொலைக்காட்சி பார்க்க உட்கார்ந்தால் வாயு போய்விடும், ரொட்டி கல்லாகிவிடும். சோடா கூடினாலோ மோர் புளிக்காமல் இருந்தாலோ சோப்பு வாடை அடிக்கும்.

ரொட்டி செய்முறை

ஆட்டா 200 கிராம், மைதா 200 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், சோடா தலைதட்டிய ஒரு டீஸ்பூன் எல்லாவற்றையும் சேர்த்து இருமுறை சலியுங்கள். நம் வீட்டு மோர் நீர்த்திருக்கும். எனவே புளித்த தயிர் 200 மில்லியில் தண்ணீர் 150 மில்லி விட்டுக் கடைந்துகொள்ளுங்கள். மாவின் நடுவில் குழி செய்து இதை ஊற்றி, விரல்களால் ஒன்றுசேர்த்தால் போதும். சப்பாத்திக்குப் போல் அடித்துப் பிசையக் கூடாது. மில்லில் அரைத்த ஆட்டா அதிக நீர் இழுக்கும். தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் மோர் தெளியுங்கள்.

வட்டமாக உருட்டி, மேலே கத்தியால் ஆழமாகச் சிலுவைக் குறி கீறுங்கள். உள்ளே இருக்கும் தேவதைகள் வெளியேறத்தான் இந்தக் கீறல் என்பார்கள் அந்த ஊர்ப் பாட்டிகள். நடுப்பகுதிக்கும் சூடு போய்ச் சேரும் என்பது என் கணக்கு. ஓவனில் 220 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200 டிகிரியில் 25 நிமிடம்.

ஓவன் இல்லையா? அயர்லாந்திலும் அன்று இல்லை. இரும்புச் சட்டியில் மாவை வைத்து மூடி, மூடிமேல் தணல் போட்டார்கள். நாம் கனமான குக்கரில் கல்லுப்பைப் பரப்பி, கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டு, பத்து நிமிடம் சூடேற்றி, பாதி அளவு மாவைத் தட்டில் வைத்துச் சிறு தீயில் ஐம்பது நிமிடம் சுடலாம். மேல்புறம் அவ்வளவாகச் சிவக்காது, ருசிக்குக் குறைவில்லை.

வெந்ததா என்று அறிய அடிப்பக்கத்தை விரலால் தட்டுங்கள். ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி ஓசையை வைத்து விரிசல் கண்டுபிடிப்பது போலத்தான். காலிப் பானை போல் ஒலித்தால் வெந்துவிட்டது. மந்தமாக ஒலித்தால் இன்னும் ஐந்து நிமிடம்.

சூப்

வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி உருக்கி, நறுக்கிய வெங்காயம் இரண்டு, உருளைக்கிழங்கு அரை கிலோ போட்டு, மூடிச் சிறு தீயில் பத்து நிமிடம் சிவக்காமல் வதக்குங்கள். அங்கே லீக் என்னும் வெங்காயத் தண்டு சேர்ப்பார்கள். ரஸ்ஸல் மார்க்கெட்டில் கிடைக்காத நாளில் வெங்காயத்தாள் போதும். முக்கால் லிட்டர் தண்ணீர் விட்டு வேகவைத்து மத்தால் மசியுங்கள். நம் ஊர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே கிழங்கு வேகச் சென்னையைவிடச் சற்று நேரமாகும். கடைசியில் காய்ச்சிய பால் ஒரு டம்ளர், உப்பு, மிளகுத்தூள்.

அமெரிக்கா போன ஐரிஷ்காரர்கள் இதே ரொட்டியில் உலர்ந்த திராட்சை சேர்த்தார்கள். நம் வீட்டில் சீரகமும் பச்சை மிளகாயும் சேர்கின்றன. போன இடத்தில் கிடைப்பதைக் கொண்டு சமைப்பது நமக்கும் பழக்கமானதுதானே! ரொட்டியை அன்றே சாப்பிடுங்கள். மிஞ்சினால் மறுநாள் தோசைக்கல்லில் வாட்டிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிச் செய்து பாருங்கள். தட்டிப் பார்க்கும் வேலையை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள்.