மேல்வயலும் கீழ்வயலும்
பாலித் தீவின் நெற்கிராமங்கள்

இந்தோனேசியத் தீவுகளுள் ஒன்றான பாலியின் பெயரைக் கேட்டதும் உல்லாசப் பயணிகள் நிறைந்த கடற்கரைகளே பலருக்கும் நினைவுக்கு வரும். கரையை விட்டு உள்நாட்டுக்குச் செல்வோர் வேறொரு பாலியைக் காண்பர். தபானான் மாவட்டத்தில், பத்துகாரு மலையின் சரிவிலே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீற்றர் உயரத்தில் ஜாத்திலுவி என்னும் கிராமம் உள்ளது. அங்கு மலைச்சரிவு முழுவதும் படிப்படியாக வெட்டப்பட்டு வயலாகியிருக்கின்றது. ஒவ்வொரு படிக்கும் ஒரு மண்வரம்பு. ஒவ்வொரு வரம்பிலும் நீர் கீழ்வயலுக்கு இறங்க ஒரு சிறு வாய். இன்றும் அங்கே சிவப்பரிசி நெல் விளைகின்றது. வயலோரத்துச் சிறு கோயில்களில் நெல்லின் தெய்வத்துக்குப் பூவும் சோறும் படைக்கின்றனர். அத்தெய்வத்தின் பெயர் தேவி ஸ்ரீ. பெரும்பாலும் இந்துக்கள் வாழும் தீவு அது என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம்.

பாலியின் உயர்ந்த மலைகள் எரிமலைகளாகும். பத்தூர் எரிமலையின் பெருவாயில் ஓர் ஏரி இருக்கின்றது. அதிலிருந்து வெளியே ஓடும் ஆறு எதுவுமில்லை. நீர் நிலத்தடியிற் கசிந்து சரிவுகளில் ஊற்றாக வெளிப்படுகின்றது. அவ்வேரியின் தெய்வமான தேவி தானுவே நீரனைத்துக்கும் உரியவள் என்பது கமக்காரரின் நம்பிக்கை. 1926ஆம் ஆண்டு பத்தூர் மலை குமுறியபோது அடிவாரத்துக் கிராமமும் கோயிலும் அழிந்தன. மக்கள் மலைவிளிம்பிற் குடியேறி, கோயிலையும் அங்கேயே மீண்டும் எழுப்பினர்.

நீரைப் பங்கிடும் அமைப்புக்குச் சுபாக் என்று பெயர். 11ஆம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே இதுபற்றிய குறிப்பு உண்டு. ஒரே வாய்க்காலில் நீர் பெறும் கமக்காரர் அனைவரும், சாதி வேறுபாடின்றி, அதன் உறுப்பினராவர். பெகாசே எனப்படும் தலைவரை அவர்களே தெரிவு செய்கின்றனர். அவர்களது விதிகள் முற்காலத்தில் பனையோலை ஏடுகளில் எழுதப்பட்டன. வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்குற்றி வைக்கப்படும். அதில் வெட்டப்பட்ட இடைவெளிகளின் அகலத்துக்கேற்ப நீர் பிரிந்து ஓடும். தன் பங்கு எவ்வளவு என்பதை எவரும் கண்ணாலேயே பார்த்தறியலாம்.

மேலே இருப்பவன் நீரைத் தடுத்துக் கொண்டால் கீழே இருப்பவன் என்ன செய்வான் என்ற கேள்வி இங்கே எழும். பாலியில் இதற்கு ஒரு விடை உண்டு. அயல் வயல்கள் யாவும் ஒரே காலத்தில் விதைத்து, ஒரே காலத்தில் அறுத்து, பின்னர் ஒன்றாகத் தரிசு கிடந்தால், பூச்சிகளுக்கும் எலிகளுக்கும் உணவின்றிப் போகும். அறுவடையான வயல்களில் வாத்துகளையும் மேய விடுவர். கீழ்வயலான் நீரின்றிக் காலந்தாழ்த்தி விதைத்தால் அவனது பயிரிற் பெருகும் பூச்சி மேல்வயலையும் தாக்கும். ஆகவே கீழ்வயலானுக்கு நீர் விடுவது மேல்வயலானுக்கும் பாதுகாப்பு. யார் எப்போது விதைப்பது என்பதை நீர்க்கோயில்களின் விழாக்களும் கூட்டங்களும் ஒழுங்கு செய்தன.

1970களில் பசுமைப் புரட்சி பாலிக்கு வந்தது. குறுகிய கால நெல்லினத்தை இடைவிடாது பயிரிடுமாறும், இரசாயன உரமும் கிருமிநாசினியும் இடுமாறும் அதிகாரிகள் பணித்தனர். கோயில் வகுத்த ஒழுங்கு அவர்களுக்கு வெறும் சமயச் சடங்காகவே தோன்றியது. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி விதைக்க, நீர்ப் பங்கீடு குழம்பியது. கபில நிறத் தத்தி பெருகிப் பயிரை அழித்தது. 1986ஆம் ஆண்டில் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு இடப்பட்ட 57 கிருமிநாசினிகளைத் தடை செய்தது. அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் இரண்டு ஆறுகளை அண்டிய 172 சுபாக்குகளைக் கணினியில் மாதிரியாக அமைத்து ஆராய்ந்தனர். நீர்க்கோயில்களின் ஒழுங்கை ஒத்த முறையிலேயே விளைச்சல் மிகுந்தது என 1993ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் அவர்கள் காட்டினர். கமக்காரரிடம் முதலிலேயே கேட்டிருந்தால் பல போகங்களின் அழிவைத் தவிர்த்திருக்கலாம்.

2012ஆம் ஆண்டில் ஜாத்திலுவி உட்பட ஏறத்தாழ 19,500 ஹெக்டேயர் பரப்பை யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. ஆயினும் ஆபத்து நீங்கவில்லை. 2019ஆம் ஆண்டில் மட்டும் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் பாலிக்கு வந்தனர். வயல்கள் விடுதிகளாகின்றன; விடுதிகள் நீரை உறிஞ்சுகின்றன; இளைஞர்கள் அவ்விடுதிகளில் வேலை தேடிச் செல்கின்றனர். இடையில் ஒரு வயல் விற்கப்பட்டு வாய்க்கால் மூடப்பட்டால் அதற்குக் கீழுள்ள வயல்கள் யாவும் வரண்டுபோகும்.

எமது மண்ணிலும் இத்தகைய அறிவு இருந்தது. மட்டக்களப்பில் வட்டை விதானை நீரை முறைப்படி பங்கிட்டார். வன்னிக் குளங்களின் கீழ், போகம் தொடங்குமுன் கமக்காரர் கூடி விதைப்புத் திகதியைத் தீர்மானித்தனர். இம்முறைகளை நேரில் அறிந்த முதியோர் பலர் இன்று எம்முடன் அந்நிய நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் இருக்கின்றனர். எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் பாய்ந்தது, அதன் பெயர் என்ன, வாய்க்காலை யார் யார் எந்த நாளில் துப்புரவு செய்தனர் என்பவை அவர்களின் நினைவிலே உள்ளன. பாலி மக்கள் தம் விதிகளை ஏட்டில் எழுதி வைத்தனர். எங்கள் பிள்ளைகளும் பேரன், பேத்திகளும் தாத்தா பாட்டியிடம் இவற்றைக் கேட்டு எழுதி வைப்பார்களாக. அதற்கு ஒரு கொப்பியும் ஒரு பேனையும் போதும். ஆனால் முதியோர் இருக்கும்போதே கேட்க வேண்டும்.