குடலை நோக்கி ஒரு நெடும்பயணம்

வாய்மொழித் தேர்வுக்காக வகுப்பறைக்கு வெளியே காத்திருக்கிறீர்கள். அடுத்து உங்கள் பெயரைத்தான் அழைக்கப் போகிறார்கள். அந்நேரத்தில் வயிற்றில் புளியைக் கரைப்பது போன்ற ஓர் உணர்வு எழுகிறது. அச்சம் தோன்றுவது மனத்தில். ஆனால், அதை நமக்கு முதலில் தெரிவிப்பது வயிறு. மூளைக்கும் வயிற்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது இதனால் விளங்கும். அதைவிட வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. மூளையின் கட்டளைக்காகக் காத்திராமல் தானாகவே செயல்படக்கூடிய ஒரு நரம்பு மண்டலம் நம் குடலின் சுவருக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அதனைக் குடல் நரம்பு மண்டலம் என்பர். தாயின் கருப்பையில் குழந்தை வளரும்போது இம்மண்டலம் எவ்வாறு உருவாகிறது? அதில் குறை நேர்ந்தால் என்ன ஆகும்? அறிவியலாளர்கள் இவற்றுக்கு விடை கண்ட வரலாற்றைப் பார்ப்போம்.

தானே இயங்கும் குடல்

நாம் விழுங்கிய உணவு, தண்ணீர்க் குழாயில் நீர் ஓடுவதைப் போலக் குடலில் தானாக ஓடிவிடுவதில்லை. உணவு இருக்கும் இடத்திற்குப் பின்னால் குடல் தசை சுருங்குகிறது. முன்னால் உள்ள தசை தளர்கிறது. இவ்வாறு அலை அலையாகச் சுருங்கியும் தளர்ந்தும் குடல் உணவை முன்னோக்கித் தள்ளுகிறது.

இந்த அசைவுக்கு ஆணையிடுவது எது? 1899ஆம் ஆண்டு, லண்டனைச் சேர்ந்த வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஆகிய இருவரும் இதற்கான சோதனையின் முடிவை வெளியிட்டனர். அவர்கள் மயக்க நிலையில் இருந்த ஒரு நாயின் குடலுக்கு வெளியிலிருந்து செல்லும் நரம்புகளைத் துண்டித்தனர். அதன் பிறகும் குடலுக்குள் வைத்த பொருளைக் குடல் முறையாக முன்னோக்கித் தள்ளியது. ஆணையிடும் அமைப்பு குடலின் சுவருக்குள்ளேயே இருக்கிறது என்பது இதனால் உறுதியானது.

அந்த அமைப்பு, ஒன்றன் கீழ் ஒன்றாக அமைந்த இரண்டு நரம்பு வலைகளால் ஆனது. ஜெர்மானிய அறிஞர்களான மைஸ்னரும் அவுவர்பாக்கும் 19ஆம் நூற்றாண்டிலேயே இவற்றை நுண்நோக்கியால் கண்டு விவரித்திருந்தனர். தசை அடுக்குகளுக்கு இடையே உள்ள வலை குடலின் அசைவைக் கட்டுப்படுத்துகிறது. உட்புறம் உள்ள வலை செரிமான நீர் சுரப்பதையும் இரத்த ஓட்டத்தையும் கவனித்துக்கொள்கிறது. இவ்விரு வலைகளிலும் சேர்த்து 10 கோடிக்கும் அதிகமான நரம்பணுக்கள் உள்ளன. இதனால்தான் குடலை ‘இரண்டாம் மூளை’ என்று சிலர் அழைக்கின்றனர். அது மூளையைப் போலச் சிந்திப்பதில்லை என்றாலும், தன் வேலையைத் தானே நடத்திக்கொள்ளும் திறன் பெற்றிருக்கிறது.

ஏமாற்றிய தோற்றம்

இத்திறன் இல்லாமல் ஒரு குழந்தை பிறந்தால் என்ன நேரும்?

1886ஆம் ஆண்டு, டென்மார்க் நாட்டுக் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்பிரங், பெர்லினில் நடந்த மருத்துவர் கூட்டமொன்றில் இரண்டு ஆண் குழந்தைகளைப் பற்றி எடுத்துரைத்தார். இருவரும் பிறந்தது முதலே கடுமையான மலச்சிக்கலால் துன்புற்றவர்கள். வயிறு வீங்கி, உடல் நலிந்து, ஒரு வயது நிறைவதற்குள் இருவருமே இறந்துபோயினர். அவர்களின் உடலை ஆராய்ந்தபோது பெருங்குடல் மிகவும் பருத்துக் காணப்பட்டது. பின்னாளில் இந்நோய்க்கு அவருடைய பெயரே வழங்கலாயிற்று.

பருத்த பகுதியில்தான் நோய் இருக்கிறது என்று மருத்துவர்கள் பலர் கருதினர். அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. வீங்கியிருப்பது அதுதானே! எனவே, அறுவை சிகிச்சையின்போது பருத்த பகுதியை வெட்டி எடுத்தனர். ஆனால், மீதமிருந்த குடல் மறுபடியும் பருத்தது. குழந்தைகள் குணமடையவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்நிலை தொடர்ந்தது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஓர்வார் சுவென்சன் வேறு விதமாகச் சிந்தித்தார். இத்தகைய குழந்தைகளுக்கு வயிற்றில் துளையிட்டு மலத்தை அதன் வழியே வெளியேற்றியபோது, அவர்கள் நன்றாக உண்டு வளர்ந்தனர். துளையை மூடிக் குடலை மீண்டும் இணைத்ததும் பழைய துன்பம் திரும்பியது. அப்படியென்றால், தடை எங்கே இருக்கிறது? சுவென்சன் குடலின் பல பகுதிகளில் அழுத்தத்தை அளந்து பார்த்தார். பருத்த பகுதியில் அசைவு இருந்தது. அதற்குக் கீழே, பார்வைக்குக் குறையேதும் இல்லாதது போல் தோன்றிய ஒடுங்கிய பகுதியில்தான் அலை போன்ற அசைவு இல்லை!

உண்மையில் நோய் இருந்தது அங்கேதான். அந்தப் பகுதியின் சுவரில் நரம்பணுக்களே இல்லை. நரம்பணுக்கள் இல்லாததால் அங்குள்ள தசை தளரவில்லை, வழியும் திறக்கவில்லை. மேலே இருந்த நலமான குடல், அடைபட்ட வழியை நோக்கி மலத்தைத் தள்ளித் தள்ளியே பருத்துப்போனது. சுவென்சன் நரம்பணுக்கள் இல்லாத பகுதியை நீக்கி, நலமான குடலைக் கீழே இழுத்து இணைத்தார். 1948இல் இந்த அறுவை சிகிச்சை முறை வெளியிடப்பட்டது. அதன் பின்னர், சாவை எதிர்நோக்கியிருந்த குழந்தைகள் பிழைத்தனர்.

கழுத்திலிருந்து வந்த பயணிகள்

ஆயினும், ஒரு கேள்வி எஞ்சியது. இந்நோயில் நரம்பணுக்கள் இல்லாத பகுதி ஏன் எப்போதும் குடலின் கடைக்கோடியிலேயே இருக்கிறது? இதற்கான விடை கோழிமுட்டைக்குள் கிடைத்தது.

கரு உருவாகும் தொடக்கக் காலத்தில், அதன் முதுகுப்புறத்தில் நரம்புக்குழாய் தோன்றுகிறது. மூளையும் தண்டுவடமும் இதிலிருந்தே வளர்கின்றன. இக்குழாயின் மேல்விளிம்பில் உள்ள உயிரணுத் தொகுதிக்கு நரம்பு முகடு என்று பெயர். 1954இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், கோழிக்கருவின் கழுத்துப் பகுதியில் இருந்த நரம்பு முகட்டை நீக்கிப் பார்த்தனர். அந்தக் கருவின் குடலில் நரம்பணுக்கள் தோன்றவில்லை. குடல் நரம்பணுக்கள் கழுத்துப் பகுதியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால், அவை வரும் வழியை எப்படிப் பின்தொடர்வது?

பிரான்சு நாட்டு உயிரியலாளர் நிக்கோல் லெ துவாரென் அதற்கொரு வழி கண்டார். இவர் தொடக்கத்தில் இடைநிலைப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். காடையின் உயிரணுக் கருவை நிறமேற்றி நுண்நோக்கியில் பார்த்தால் அதில் ஓர் அடர்த்தியான புள்ளி தெரியும். கோழியின் உயிரணுவில் அப்புள்ளி இராது. இந்த வேறுபாட்டை அவர் ஓர் அடையாளமாகப் பயன்படுத்திக்கொண்டார். கோழிக்கருவின் நரம்புக்குழாயில் ஒரு சிறு துண்டை எடுத்துவிட்டு, அதே இடத்தில் காடைக்கருவின் துண்டைப் பொருத்தினார். சில நாள்களுக்குப் பிறகு, கோழியின் குடலில் காடையின் உயிரணுக்கள் இருந்தன! புள்ளியுள்ள உயிரணுக்களைத் தேடிச் சென்று, அவை எங்கே புறப்பட்டு எங்கே சேர்ந்தன என்பதை அவர் வரைந்து காட்டினார். இம்முடிவுகள் 1973இல் வெளிவந்தன.

குடல் நரம்பணுக்களுள் பெரும்பாலானவை கழுத்துப் பகுதியின் நரம்பு முகட்டிலிருந்து புறப்படுகின்றன. குடலின் கடைப்பகுதிக்கு மட்டும் இடுப்புப் பகுதியிலிருந்து ஒரு சிறு கூட்டமும் வந்து சேர்கிறது. மனிதக் கருவில், கழுத்துப் பகுதியிலிருந்து வரும் உயிரணுக்கள் ஏறத்தாழ நான்காவது வாரத்தில் உணவுக்குழாய்ப் பகுதியில் நுழைகின்றன. அங்கிருந்து இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் எனக் கீழ்நோக்கி நகர்ந்து, ஏழாவது வார அளவில் குடலின் முடிவை அடைகின்றன. கடைக்கோடி கடைசியாகவே அடையப்படும் இடம். பயணம் இடையில் நின்றுவிட்டால், வெறுமையாக இருந்துவிடுவதும் அந்தக் கடைக்கோடிதான். சுவென்சன் கண்ட ஒடுங்கிய குடலுக்குரிய காரணம் இவ்வாறு புலனாயிற்று.

பயணம் ஏன் நின்றுவிடுகிறது?

இப்பயணம் எளிதன்று. உயிரணுக்கள் நகரும் அதே காலத்தில் குடலும் வளர்வதால், செல்லும் பாதை நீண்டுகொண்டே போகிறது. தொடக்கத்தில் புறப்பட்ட சில உயிரணுக்களால் மட்டும் முழுக் குடலையும் நிரப்ப இயலாது. எனவே, வெற்று நிலத்தில் புல் பரவுவதைப் போல, அவை பெருகிக்கொண்டே முன்னேறுகின்றன. எண்ணிக்கை போதாவிட்டால் பயணம் பாதியில் நின்றுவிடும்.

அவற்றை வழிநடத்தும் குறிப்புகளும் தேவை. குடலின் திசுக்கள் ஜி.டி.என்.எஃப். என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. பயணம் செய்யும் உயிரணுக்களின் மேற்பரப்பில் ரெட் எனப்படும் ஏற்பி இருக்கிறது. ஏற்பி அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும்போது, உயிரணுக்கள் பிழைத்து, பெருகி, முன்னேறுகின்றன. ஹிர்ஷ்பிரங் நோயுள்ள சிலரிடம் ரெட் மரபணுவில் மாற்றம் இருப்பதை 1994இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வேறு சில மரபணுக்களுக்கும் இந்நோயில் பங்கு உண்டு என்பது பின்னர்த் தெரியவந்தது.

உயிர்காக்கும் அறிவு

ஏறத்தாழ 5,000 குழந்தைகளுள் ஒருவருக்கு இந்நோய் ஏற்படுகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கே இது மிகுதியாகக் காணப்படுகிறது. பிறந்த குழந்தை 48 மணி நேரத்திற்குள் கரும்பச்சை நிறமுள்ள முதல் மலத்தைக் கழிக்காவிட்டால் மருத்துவர்கள் எச்சரிக்கை அடைகின்றனர். வயிறு வீங்குவதும் பச்சை நிறத்தில் வாந்தி எடுப்பதும் பிற அறிகுறிகள். மலக்குடலிலிருந்து ஒரு சிறு திசுவை எடுத்து நுண்நோக்கியில் பார்த்து, நரம்பணுக்கள் உள்ளனவா என்று உறுதி செய்கின்றனர். இன்று பெரும்பாலான குழந்தைகள் அறுவை சிகிச்சையால் பிழைத்துவிடுகின்றனர். எனினும், அவர்களுள் சிலருக்கு மலச்சிக்கல் போன்ற தொல்லைகள் வளர்ந்த பிறகும் நீடிக்கின்றன.

இக்குறையையும் தீர்க்க இயலுமா என்று ஆராய்ச்சி நடைபெற்று வருகிறது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மைய ஆய்வாளர்கள், மனிதக் குருத்தணுக்களிலிருந்து குடல் நரம்பணுக்களின் முன்னோடிகளை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினர். இந்நோய் கொண்ட எலிகளின் பெருங்குடலில் அவற்றைச் செலுத்தியபோது, அவை குடலில் பரவின; எலிகளும் உயிர் பிழைத்தன. இவ்வாய்வு 2016இல் வெளிவந்தது. எலியிடம் பலன் தந்தது மனிதருக்கும் பலன் தரும் என்று உடனே முடிவு செய்துவிட முடியாது. அதற்கு இன்னும் பல சோதனைகளைக் கடக்க வேண்டும்.

வீங்கிய இடத்திலேயே நோயைத் தேடியவரை குழந்தைகளைக் காப்பாற்ற இயலவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததோடு நின்றுவிடாமல் ஒருவர் அளந்து பார்த்தார். இன்னொருவர் ‘இந்த உயிரணுக்கள் எங்கிருந்து வந்தன?’ என்று முட்டைக்குள் தேடினார். அடுத்த முறை அச்சத்தால் வயிறு கலங்கும்போது, சற்றே நினைத்துப் பாருங்கள். அங்கே துடித்துக்கொண்டிருக்கும் நரம்பணுக்கள், நாம் பிறப்பதற்கு முன்பே கழுத்திலிருந்து புறப்பட்டு, நெடுந்தொலைவு நடந்து, தம் பயணத்தை நிறைவு செய்தவை.