வீரசோழபுரத்துச் சுந்தரரும் பரவையும்

1956-ல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காக வீரசோழபுரம் சிவன் கோயிலில் ஒரு புகைப்படம் எடுக்கப்பட்டது. படத்தில் இருந்தவர்கள் சுந்தரரும் பரவை நாச்சியாரும். பதினாறாம் நூற்றாண்டில், விஜயநகரக் காலத்தில் வார்க்கப்பட்ட செப்புத் திருமேனிகள். வீரசோழபுரம் இருக்கும் கள்ளக்குறிச்சி அன்று தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு தாலுகா. சிற்பக்கலையை ஆராய்வதற்காக எடுத்த படம் அது. பிற்காலத்தில் அதுவே திருட்டுக்குச் சாட்சி சொல்லும் என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சைவக் குரவர் நால்வரில் சுந்தரரை அடையாளம் காண்பது எளிது. அப்பர் கையில் உழவாரப்படை, சம்பந்தர் சிறுபிள்ளை, மாணிக்கவாசகரிடம் ஏட்டுச்சுவடி. சுந்தரர் மட்டும் கொண்டையும் அணிகலன்களுமாக மணக்கோலத்தில் நிற்பார். பக்கத்தில் மனைவி பரவை நிற்காவிட்டால் அந்தக் கோலம் நிறைவதில்லை. சுந்தரர் பிறந்த திருநாவலூரும் இன்று இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது. வீரசோழபுரத்துக்காரர்களுக்கு அவர் சொந்த மண்ணின் பிள்ளை.

அந்தக் காலத்துக் கிராமக் கோயில்களில் உற்சவ மூர்த்திகளுக்குக் காவல் என்றால் ஒரு மரக்கதவும் ஒரு பூட்டும்தான். திருவிழா வந்தால் எண்ணெய்க்காப்பு, அபிஷேகம், அலங்காரம். பிறகு சுமப்பவர்களின் தோளேறி வீதியுலா. அங்கே திருமேனி என்பது பார்க்கும் பொருள் அல்ல. குளிக்கும், உடுத்தும், உண்ணும், ஊர் சுற்றும்.

பழைய எகிப்திலும் இதே வழக்கம் இருந்தது. கர்னாக் கோயிலில் ஆமுன் தெய்வத்தின் சிலையை நாள்தோறும் பூசாரிகள் துயிலெழுப்பி, நீராட்டி, துணி உடுத்தி, படையல் வைத்தார்கள். ஓபெத் திருவிழாவில் சிலையைப் படகு வடிவப் பல்லக்கில் ஏற்றி லக்சர் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். சுவாமி புறப்பாடு பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் எகிப்தில் அந்தப் பூசை நின்றுபோய் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன; கடைசிவரை வழிபாடு நடந்த ஃபிலே கோயிலும் ஆறாம் நூற்றாண்டில் மூடப்பட்டது. அங்கும் திருட்டு உண்டு: நெட்ஜெமாங்க் என்ற பூசாரியின் பொன் பூசிய சவப்பெட்டி 2011-ல் எகிப்திலிருந்து திருடப்பட்டது. போலிப் பத்திரங்களை நம்பி அதை வாங்கியிருந்த நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2019-ல் திருப்பிக் கொடுத்தது. எகிப்துக்குத் திரும்பிய பெட்டி அருங்காட்சியகத்துக்குப் போனதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பூசை செய்ய யார் இருக்கிறார்கள்?

வீரசோழபுரத்தின் நிலை வேறு. சுந்தரரும் பரவையும் கடல் தாண்டி, ஆர்தர் சாக்லர் என்ற செல்வரின் சேகரிப்பில் சேர்ந்தார்கள். 1987-ல் அவர் கொடையாகக் கொடுத்த சுமார் ஆயிரம் கலைப்பொருள்களோடு வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு வந்தார்கள். நம்மிடம் 1972-லேயே தொல்பொருள் சட்டம் வந்துவிட்டது, 1983-ல் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவும் வந்தது. ஆனால் எது எந்தக் கோயிலுடையது என்று காட்டச் சட்டம் மட்டும் போதாது, படம் வேண்டும். புதுச்சேரி நிறுவனத்தின் ஒன்றரை லட்சம் படங்களுக்குள் அது பத்திரமாக இருந்தது. 2023-ல் அருங்காட்சியக ஆய்வாளர்களே அதை ஒப்பிட்டுப் பார்த்து உறுதி செய்தார்கள். தஞ்சைத் தரணியைச் சேர்ந்த ஒரு நடராசர், ஒரு சோமாஸ்கந்தர் ஆகியோரோடு இந்த இருவரையும் இந்தியாவிடம் ஒப்படைப்பதாக 2026 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. நடராசர் மட்டும் இந்தியாவின் சம்மதத்தோடு நீண்டகாலக் கடனாக அங்கேயே இருப்பார்.

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்துக்காக வீரசோழபுரத்துக் கோயில் நிலத்தை அரசு தேர்ந்தெடுத்ததும் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. நிலத்தைப் பற்றி இவ்வளவு பேசிய நாம் அந்தக் கோயிலிலிருந்து காணாமல் போனவர்களைப் பற்றி எவ்வளவு பேசினோம்? இந்தச் சுந்தரருக்கும் பரவைக்கும் அந்தக் கோயில்தான் வீடு.

மீட்கப்பட்ட சிலைகள் பெரும்பாலும் கும்பகோணம், திருவாரூர் போன்ற ஊர்களில் உள்ள திருமேனிப் பாதுகாப்பு மையங்களில்தான் போய்ச் சேர்கின்றன. பாதுகாப்பு என்ற காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வாஷிங்டனின் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வருபவர்களை இன்னொரு பூட்டிய அறையில் அடுக்கி வைப்பதை வீடு திரும்புதல் என்று சொல்ல முடியாது. மாவட்ட நிர்வாகமே அமரும் ஊரில் இரும்புக் கதவும் அபாய மணியும் கண்காணிப்புக் கேமராவும் வைத்த அறை ஒன்று கட்டுவது பெரிய காரியமா? ஆடி சுவாதி சுந்தரரின் குருபூசை நாள். அன்று அவர் தம் கோயிலில் அபிஷேகம் கண்டு, பரவையோடு வீரசோழபுரத்து வீதியில் வர வேண்டும். அறநிலையத் துறை அந்த அறைக்கான வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.