மான்செஸ்டரில் மாணவர் குடித்தனம்

இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள மான்செஸ்டர் மாநகரில் மாணவர் வாழ்க்கையின் பெரும்பகுதி ஒரே சாலையின் நீளத்துக்குள் அடங்கிவிடுகிறது. நகர மையத்திலிருந்து தெற்கே செல்லும் ஆக்ஸ்ஃபோர்டு சாலையை ஒட்டி, 40,000-க்கும் மேற்பட்டோர் பயிலும் மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகமும் அமைந்திருக்கின்றன. அதே சாலை, ரஷோம் பகுதியில் வில்ம்ஸ்லோ சாலை என்று பெயர் மாறி, தெற்காசிய உணவகங்களால் ‘கறி மைல்’ என்று பெயர்பெற்றதும் இன்று அரபு நாட்டுக் கடைகள் மலிந்ததுமான கடைத்தெருவைக் கடந்து, மாணவர்கள் திரளாகக் குடியிருக்கும் ஃபாலோஃபீல்டை அடைகிறது.

முதலாண்டு மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழக விடுதியில் தங்குவதால் அவருக்குக் குடித்தனக் கவலை குறைவு. உண்மையான நகர வாழ்க்கை இரண்டாம் ஆண்டில்தான் தொடங்குகிறது எனலாம். அடுத்த கோடையில் குடிபுகவேண்டிய வீட்டுக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே கையொப்பமிடுவது நெடுநாளைய வழக்கமாதலால், அறிமுகமாகிச் சில வாரங்களே ஆன நால்வரோ ஐவரோ சேர்ந்து ஓராண்டுக் குடித்தனத்தை முடிவுசெய்துவிடுகிறார்கள். அவர்கள் பார்க்கும் வீடுகளில் பல, தொழிலாளர், எழுத்தர் குடும்பங்களுக்காக முற்காலத்தில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டப்பட்ட செங்கல் வீடுகள். வாடகை தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால், அவற்றின் முன்கூடமும் பெரும்பாலும் படுக்கையறையாகிவிடுகிறது. குளிர்காலத்தில் எரிவாயுச் செலவுக்கு அஞ்சி ஜன்னல்களை அடைத்து, துணிகளை அறைக்குள்ளேயே உலர்த்தும்போது சுவரில் பூஞ்சணம் படர்வதும், அதற்கு யார் பொறுப்பு என்று உரிமையாளரும் குடியிருப்போரும் வழக்காடுவதும் ஆண்டுதோறும் நிகழ்பவை.

ஒப்பந்தத்தில் மாணவர்கள் போதிய கவனம் செலுத்தாத இடம் கூட்டுப் பொறுப்பு என்ற விதியாகும்: அனைவரும் ஒரே ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருந்தால், ஒருவர் படிப்பை விட்டுச் சென்றாலும் அவர் பங்கு வாடகையை எஞ்சியோரிடம் கேட்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. அவ்வாறு நேர்ந்தால் ஈடுகட்டுவதற்கென்றே பிரிட்டனில் வசிக்கும் ஒரு பிணையாளரை உரிமையாளர்கள் கேட்பதால், அங்கே உறவினர் எவருமில்லாத வெளிநாட்டு மாணவர் திண்டாட நேர்கிறது. முன்பணத்தைப் பொறுத்தவரை சட்டம் தெளிவானது. பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேற்படாத அத்தொகையை, பெற்ற 30 நாட்களுக்குள் அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டமொன்றில் உரிமையாளர் பதிவுசெய்தாக வேண்டும்.

வீட்டிலுள்ளோர் அனைவரும் முழுநேர மாணவர்களாயின், உள்ளாட்சி வசூலிக்கும் கவுன்சில் வரி முழுவதும் விலக்கப்படுகிறது. ஒருவர் மட்டும் வேலைக்குச் செல்பவராயின் 25 விழுக்காடு கழிவுபோக மீதியைச் செலுத்தவேண்டும். இத்தகைய ஒருவரை வீட்டில் சேர்த்துக்கொண்டபின் வரும் வரிச்சீட்டு, நட்பைச் சோதிப்பதுண்டு.

மாணவர் பெருகிய தெருக்களில் குடும்பங்கள் குறைந்துவருவதைக் கண்ட மாநகராட்சி, குடும்ப வீட்டை மூவர் முதல் அறுவர் வரை பகிர்ந்து வாழும் வீடாக மாற்றுவதற்குத் திட்ட அனுமதி வேண்டும் என்று 2011 அக்டோபரில் விதித்தது. அதற்கு முன்பே மாறிவிட்ட வீடுகளை அவ்விதி தொடவில்லை. ஃபாலோஃபீல்டின் பல தெருக்கள் அதற்குள் மாணவர் தெருக்களாகியிருந்தன.