காற்று போடும் பிரேக்

1980 மார்ச். லண்டன் வெம்பிளி அரங்கில் ஆல் இங்கிலாந்து பாட்மின்டன் இறுதி ஆட்டம். நெட்டுக்கு ஒரு பக்கம் இந்தோனேசியாவின் லியம் ஸ்வீ கிங். முந்தைய இரண்டு ஆண்டும் கோப்பையைத் தூக்கியவர். எம்பிக் குதித்து அந்தரத்தில் நின்றபடி அவர் அடிக்கும் ஸ்மாஷுக்கு உலகமே பயந்தது. மறுபக்கம் பெங்களூரின் பிரகாஷ் படுகோன், வயது 24. ஆட்டம் இரண்டே செட்டில் முடிந்தது: 15-3, 15-10. ஜெயித்தது பிரகாஷ். அந்தப் பட்டத்தை இந்தியர் ஒருவர் வென்றது அதுதான் முதல் முறை.

அன்று பிரகாஷ் கிங்கைவிட வேகமாக அடித்து ஜெயிக்கவில்லை. உயரத் தூக்கிப் பின்கோட்டுக்கு அனுப்பினார், நெட்டை ஒட்டி மெல்ல இறக்கினார், மறுபடி பின்னால் ஓடவிட்டார். இவ்வளவு சாதுவான ஆட்டத்துக்கு அவ்வளவு பெரிய ஸ்மாஷ் எப்படி மடங்கியது? காரணத்தில் பாதி பிரகாஷின் மணிக்கட்டில் இருந்தது. மீதிப் பாதி ஷட்டிலில்.

ஷட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். எடை ஐந்து கிராம் சொச்சம். கட்டைவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கார்க், அதில் செருகிய 16 இறகுகள், நூல் கட்டி ஒட்டிய பசை. நல்ல ரக ஷட்டில் என்றால் வாத்து இறகு. அதிலும் ஒரு ஷட்டிலுக்கான இறகுகள் எல்லாம் பறவையின் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வந்தவையாக இருக்கும். அப்போதுதான் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக அடுக்கும். அந்த அடுக்கால் ஷட்டில் பறக்கும்போது எப்போதும் ஒரே திசையில் சுழலும். வலக்கைக்காரர் ஷட்டிலைச் சீவி ஸ்லைஸ் செய்வதும் இடக்கைக்காரர் செய்வதும் ஒரே மாதிரி விழாததற்கு இதுவும் ஒரு காரணம்.

எடையில் பெரும்பங்கு கார்க்கில், காற்றின் தடையில் பெரும்பங்கு இறகில். எப்படி அடித்தாலும் கண்ணிமைப்பதற்குள் திரும்பிக்கொண்டு கார்க்கை முன்னே நீட்டி ஓடுவது இதனால்தான். அப்படி ஓடும்போது விரிந்த இறகுக் கூம்பு காற்றை வாரிப் பிடித்து இழுக்கிறது. கிரிக்கெட் பந்தை மிக உயரத்திலிருந்து போட்டால் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டி வந்து விழும். ஷட்டிலை எத்தனையாவது மாடியிலிருந்து போட்டாலும் மணிக்கு 24 கிலோமீட்டரை ஒட்டியே நின்றுவிடும், அதற்கு மேல் ஏறாது.

இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு மீதியைக் கணக்குப் போட்டுவிடலாம். வேகமாகப் பறக்கும் ஷட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு மூன்று மீட்டருக்கும் தன் வேகத்தில் பாதியை இழக்கிறது. 2023இல் ஜப்பானில் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் ஏறியது. அது ராக்கெட்டை விட்டுக் கிளம்பிய கணத்து வேகம். எதிராளியிடம் வந்து சேரும் வேகம் அதில் ஒரு சிறு பங்குதான்.

இப்போது கிங்கின் ஸ்மாஷுக்கு வருவோம். கணக்குக்காக 300 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கோர்ட்டின் மொத்த நீளம் 13.4 மீட்டர். நடுக்கோர்ட்டிலிருந்து அடித்தால், எட்டு மீட்டர் தள்ளி நிற்பவரை அது கால் விநாடியில் எட்டும். மனிதன் கண்ணால் பார்த்துக் கையை அசைக்கவே விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், ஆகவே அதைத் தடுப்பது பெரும்பாலும் யூகம்தான். அதே ஸ்மாஷைப் பின்கோட்டிலிருந்து, பத்து மீட்டருக்கு மேல் தள்ளி அடிக்க வைத்தால் விநாடியில் பத்தில் நாலு பங்குக்கு மேல் ஆகும். வந்து சேரும் வேகமோ ஒரு நல்ல சைக்கிள்காரரின் வேகம். இரண்டு மீட்டர் பின்னால் தள்ளியதற்கு இவ்வளவு லாபம்! உயரத் தூக்கிப் போட்ட ஷட்டில் பின்கோட்டில் கிட்டத்தட்ட நட்டுக்குத்தாக இறங்குவதால், அதைத் துரத்திப் போகிறவர் கடைசி வரை பின்னால் போயே ஆக வேண்டும். அவர் அங்கே குதித்து அடித்துத் தரையில் கால் ஊன்றும் நேரத்தில் பிரகாஷ் ஷட்டிலை நெட்டை ஒட்டி அந்தப் பக்கம் சொட்டென்று இறக்கிவிடுவார்.

இதில் ஏமாற்று வேலையும் சேரும். ஸ்மாஷுக்கு ஓங்குகிற அதே தோள், அதே கை; கடைசிக் கணத்தில் மணிக்கட்டு மட்டும் அடங்கும். எதிராளி தோளைப் பார்த்து முடிவெடுத்தாயிற்று, ஷட்டில் வேறு கதை சொல்கிறது.

இந்தக் கலையைப் பிரகாஷ் பழகியது மல்லேஸ்வரத்தில், கனரா யூனியனின் கல்யாண மண்டபத்தில். முகூர்த்த நாளில் பயிற்சி கிடையாது, பந்தி நடக்கும். அங்கிருந்து கிளம்பி 16 வயதில் தேசிய சாம்பியன் ஆனார்; பட்டத்தை ஒன்பது ஆண்டு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1978இல் எட்மன்டன் காமன்வெல்த் விளையாட்டில் தங்கம். ஆல் இங்கிலாந்து வென்றபின் டென்மார்க்குக்குக் குடிபெயர்ந்து அங்கேயே ஆடினார். 1983 உலகப் போட்டியில் வெண்கலம் கிடைத்ததும் கோபன்ஹேகனில்தான்.

காற்று ஊருக்கு ஊர் மாறும் என்பது வெளியூர் போய் ஆடுகிறவர்களுக்குத் தெரியும். கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே உள்ள பெங்களூரில் காற்று மெலிவு, ஷட்டில் கொஞ்சம் கூடுதலாக ஓடும். கடற்கரை ஊருக்குச் சரியாக இருந்த ஷட்டில் டப்பா அங்கே உதவாது. அதனால் ஆட்டத்துக்கு முன் ஒரு சோதனை உண்டு. ஆட்டக்காரர் பின்கோட்டில் நின்று கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடிப்பார். எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னதாக விழுந்தால் ஷட்டில் தேறியது.

இறகு விலை ஏறிக்கொண்டே போவதால் செயற்கை ஷட்டிலைக் கொண்டுவரும் பேச்சு சில ஆண்டுகளாகவே நடக்கிறது. முன்னணி ஆட்டக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள், காரணம் வெறும் பழக்கதோஷம் இல்லை. பலமாக அடிக்கும்போது செயற்கை ஷட்டிலின் நைலான் கூம்பு சுருங்கிக் குறுகிவிடுகிறது. கூம்பு குறுகினால் தடையும் குறையும். அடித்த வேகம் இறகு ஷட்டிலில் போல அவ்வளவு சீக்கிரம் சாகாது. 1980 வெம்பிளியில் அப்படியொரு ஷட்டில் இருந்திருந்தால் நான் கிங் மேல்தான் பந்தயம் கட்டியிருப்பேன்.