மேடும் பள்ளமும்: நிலமே சிற்பமாகும் பூங்காக்கள்

சிற்பம் என்றதும் கல்லிலோ வெண்கலத்திலோ வடித்த உருவமே நம் நினைவுக்கு வருகிறது. நிலத்தை அகழ்ந்தும் குவித்தும் வடிவம் தருவதும் சிற்பக்கலையின் ஒரு துறையேயாகும். பீடத்தின் மேலுள்ள சிலையை எதிரே நின்று காண்கிறோம். மண்ணாலான சிற்பத்தையோ அதன்மீது நடந்தே அறிகிறோம்.

புதுவையிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையிலுள்ள திருபுவனையின் ஏரிக்கரையை இந்நோக்கில் காணலாம். அழகு கருதி எழுந்ததன்று அது. தாழ்ந்த பக்கத்தில் மண்ணை உயர்த்தி மழைநீரைத் தேக்குவதே ஏரிக்கரையின் நோக்கம். ஆயினும் சமவெளிக்கு உயரத்தையும் நெடிய பார்வையையும் அக்கரையே அளிக்கிறது.

தோட்டக்கலையில் முகலாயரும் இந்நெறியையே கையாண்டனர். காஷ்மீரில் 1633இல் ஆஸஃப் கான் அமைத்த நிஷாத் பாக், மலைச்சரிவில் 12 படித்தளங்களாக அமைந்தது. நீர் தளந்தோறும் இறங்கித் தால் ஏரியை நோக்கிச் செல்கிறது. உருவச்சிலை எதுவும் அங்கே தேவைப்படவில்லை. நிலத்தின் ஏற்றத்தாழ்வும் நீரின் ஓட்டமுமே கலையாயின.

நம் காலத்தில், நமக்கு அண்மையில் இருக்கும் எடுத்துக்காட்டு ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று நடந்த அதன் தொடக்க விழாவில் 124 நாடுகளின் மண் ஒரே கலசத்தில் இடப்பட்டது. அருகே, 1971இல் தொடங்கி 2008இல் நிறைவுற்ற மாத்ரிமந்திரின் பொன்னிறக் கோளம், செந்நிறமான 12 இதழ்ச்சரிவுகளுக்கிடையே நிலத்தைப் பிளந்து எழுவதுபோல் தோன்றுகிறது. எனினும் அவ்விடத்தைக் காத்தவை காட்சிக்கு எளிய வரப்புகளே. மழை அரித்துச் சென்ற செம்மண்ணை அவை தடுத்து நிறுத்திய பின்னரே அங்கே மரங்கள் தழைத்தன.

ஜப்பானில், சப்போரோ நகரின் குப்பைகொட்டும் நிலத்தை ஒரே சிற்பமாகக் கருதி, 1988இல் இசாமு நொகுச்சி ஒரு பூங்காவை வகுத்தார். அவர் மறைந்த பின், 2005இல் மொயரெநுமா பூங்கா முழுமையாகத் திறக்கப்பட்டது. கழிவும் கட்டுமான மண்ணும் அங்கே குன்றாக உயர்ந்து நிற்கின்றன.

எந்த மேட்டுக்கும் எங்கோ ஒரு பள்ளம் உண்டு. ஆதலின் பூங்கா அமைப்போர் முன் இரு வினாக்கள் நிற்கின்றன: மண் எங்கிருந்து வருகிறது? நீர் எங்கே செல்லும்? ஏரியைத் தூர்வாரிய மண்ணை வெளியே மேடாக்கி மரம் நட்டால், நீருக்கு இடமும் மக்களுக்கு நிழலும் கிடைக்கும். ஏரிக்குள்ளேயே மண் கொட்டிப் பூங்கா அமைத்தால், ஏரியின் கொள்ளளவு குறையும். தேங்க இடமற்ற வெள்ளம் ஊருக்குள் புகும். முன்னது கலை, பின்னது எத்துணை அழகுடையதாயினும் நிலத்துக்கு இழைக்கும் அநீதியே.