பாறையிற் சிறைப்பட்ட எண்ணெய்

2022 ஆம் ஆண்டில் எரிபொருட் பஞ்சம் நம் நாட்டை வருத்திய காலை, உக்குவளையிலே மண்ணெண்ணெய்க் கலனை ஏந்தி யாமும் வரிசையில் நின்றோம். அருகில் நின்ற மாணவன் ஒருவன், “ஐயா, பூமியில் எண்ணெய் முடிந்துவிட்டதா?” என வினவினான். நம் பஞ்சம் வெளிநாட்டுப் பணமின்மையால் வந்ததென்றும், வற்றியதெனக் கைவிடப்படும் எண்ணெய் வயல்களிலேகூட எடுத்ததினும் எஞ்சியதே பெரிதென்றும் கூறினோம். அவன் நம்பவில்லை. அஃது எங்ஙனமென ஈண்டு விளக்குவாம்.

எண்ணெய் நிலத்தின்கீழ் ஏரிபோலத் தேங்கி நிற்பதாகப் பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. மணற்கல், சுண்ணக்கல் முதலிய படிவுப் பாறைகளின் நுண்டுளைகளிலேயே அது தங்கியுள்ளது. மாத்தளைப் பகுதிப் பாறைகளோ பெருவெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறி இறுகியவை. ஆகலின் இங்கு எண்ணெய்க்கு இடமில்லை. மன்னார்க் கடலடியிற் படிவுப் பாறைகள் தடித்துக் கிடக்கின்றன. அங்கே 2011 இல் இயற்கை வாயு கண்டறியப்பட்டது.

பாறையைத் துளைத்ததும், உள்ளிருக்கும் அமுக்கத்தால் எண்ணெயில் ஒரு சிறு பங்கு தானே வெளிப்படும். அமுக்கம் தணிந்தபின் வேறு கிணறுகள் வழியே நீரைச் செலுத்தி எஞ்சியதைத் தள்ளுவர். இவ்விரண்டும் முடிந்த பின்னரும், பொதுவாக மூன்றில் இரு பங்களவு எண்ணெய் உள்ளேயே நின்றுவிடும்.

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, நீர் எளிய வழியையே நாடும். அகன்ற துளைகளுள்ள அடுக்குகளூடே அது விரைந்தோட, ஒடுங்கிய அடுக்குகளில் உள்ள எண்ணெய் தீண்டப்படாது கிடக்கும். இரண்டாவது, நீர் சென்ற வழியிலும் எண்ணெய் முற்றாக நீங்குவதில்லை. துளைகளை இணைக்கும் கழுத்துகள் தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியவை. மணற்கற்கள் பலவற்றில் நீரே துளைச் சுவரைப் பற்றும். கழுத்தில் அந்நீர்ப்படலம் தடித்து எண்ணெய் இழையை அறுத்துவிட, அது தனித்துளியாகிச் சிறைப்படும். அத்துளி கழுத்தினூடே செல்லத் தன் உருவை ஒடுக்கவேண்டும். மேற்பரப்பிழுவிசை அதனைத் தடுக்கின்றது. கழுத்து ஒடுங்க ஒடுங்கத் தேவைப்படும் அமுக்கமும் மிகும். வேறு சில பாறைகளில் எண்ணெயே சுவரைப் பற்றிப் படலமாய் நிற்கும்.

இச்சிறையை உடைக்கும் வழியை நம் வீட்டிலேயே காணலாம். விளக்கீட்டு நாளில் ஏற்றிய மண்சிட்டியை மறுநாள் எடுத்துப் பார்க்க. எண்ணெயைக் கவிழ்த்து வடித்தாலும், தண்ணீர் ஊற்றினாலும் பிசுக்குப் போகாது. வெந்நீரும் சவர்க்காரமும் சேரவே அது கழலும். எண்ணெய் வயலிலும் இவையே முறைகள். கொதிநீராவியைச் செலுத்தினால் எண்ணெய் இளகும். சவர்க்காரம் போன்ற பொருள்கள் மேற்பரப்பிழுவிசையை ஆயிரத்தில் ஒரு பங்காகவும் குறைக்கவல்லன. அப்போது துளி வளைந்து வெளியேறும். காபனீரொட்சைட்டு வாயு எண்ணெயிற் கரைந்து, அதனைப் பருக்கச்செய்து இளக்கும்.

பாரத நாட்டில் இதற்கு நல்ல சான்றுகள் உள. குஜராத்தின் மெகசானாப் பகுதியிலுள்ள பாலோல், சந்தால் வயல்களில் எண்ணெய் மிகத் தடித்தது. அங்கே காற்றைச் செலுத்தி, நிலத்தடியிலேயே எண்ணெயின் ஒரு பகுதியை எரித்து, அவ்வெப்பத்தால் மற்றையதை இளக்கி எடுத்தனர். இராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் 2004 இற் கண்டறியப்பட்ட மங்களா வயலிலோ, பல்பகுதியம் என்னும் பொருளை நீரிற் கரைத்துக் கஞ்சிபோலத் தடிப்பாக்கிச் செலுத்தினர். தடித்த நீர் எளிய வழியிலே விரைந்தோடாது, பரந்து சென்று எண்ணெயைத் தள்ளுகின்றது.

எனினும் நீராவிக்கு எரிபொருள் வேண்டும். மருந்துகளுக்குப் பணம் வேண்டும். ஒரு பீப்பாய் எண்ணெய் பெறச் செலவிடுவது அதன் பயனை விஞ்சுமாயின், அதனைப் பாறையிலேயே விட்டுவிடுவர். வயல் வற்றியதென்பதன் பொருள் பெரும்பாலும் இதுவே. வரிசையில் நின்ற அம்மாணவன் அடுத்த விளக்கீட்டின் மறுநாள் ஒரு சிட்டியைத் தண்ணீராலும், மற்றொன்றை வெந்நீராலும் சவர்க்காரத்தாலும் கழுவி, யாம் கூறியதை மெய்தானா எனச் சோதித்துப் பார்ப்பானாக.